வட்டி இல்லை, கறிச்சோறு உண்டு

ஆடி பிறந்துவிட்டால் மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மட்டும் அப்போதுதான் மண்டபத்துக்கு அடிபிடி. வாசலில் வாழைமரம் நிற்கும், பாட்டு அலறும், பந்தியில் கறிக்குழம்பு ஓடும். மாப்பிள்ளையும் கிடையாது பெண்ணும் கிடையாது. காதுகுத்தக் குழந்தையும் கிடையாது. பிளக்ஸில் பெரிய எழுத்தில் ‘மொய் விருந்து’ என்றிருக்கும். கீழே நாலைந்து குடும்பத் தலைவர்களின் பெயர்கள். அவ்வளவுதான் விசேஷம்.

தஞ்சாவூர் மாவட்டத்தின் தெற்கு ஓரமும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரமும் ஒட்டிக்கொள்கிற இடம் இது. ஒரு பக்கம் காவிரியின் கடைமடை, தென்னந்தோப்பு. மறுபக்கம் செம்மண், ஆழ்குழாய்க் கிணறு, பலா, வாழை, மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கி. பூவும் தேங்காயும் வாராவாரம், மாசாமாசம் சில்லறையாகக் காசு கொடுக்கும். போர்க்கிணறு போடவும் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவும் மொத்தமாக ஒரு தொகை தேவை, அதை இந்த விவசாயம் கொடுக்காது. சில்லறையாக வரும் காசை மொத்தப் பணமாக மாற்றத்தான் மொய் விருந்து.

வெளியூர்க்காரர்கள் இதைத் தர்மம் என்று நினைத்து நெகிழ்கிறார்கள், அல்லது சீட்டு என்று நினைத்துச் சந்தேகப்படுகிறார்கள். தர்மம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ரூபாயும் திரும்பிப் போக வேண்டியது. சீட்டும் இல்லை. சீட்டுக்கு நடத்துபவர் ஒருவர் உண்டு, ஏலம் உண்டு, இத்தனை பேர் என்ற எண்ணிக்கை உண்டு. மொய் விருந்தில் இந்த மூன்றும் கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் நோட்டை வைத்துக்கொண்டு மற்ற ஆயிரம் வீடுகளோடு தனித்தனியாகக் கணக்கு நடத்துகிறது.

முறை இதுதான். நீங்கள் விருந்து வைத்தால் சுற்றுவட்டாரம் வந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதும். எழுதியவர் விருந்து வைக்கும் வருஷம் நீங்கள் போய் அதைத் திருப்பி எழுத வேண்டும். ஒரு குடும்பம் ஒரு முறை வைத்தால் மறுபடி வைக்க 5 ஆண்டு பொறுக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. ஆகவே வாங்கிய எல்லாருக்கும் திருப்பும் முறை அந்த 5 ஆண்டுக்குள் சுற்றி வந்துவிடும்.

திருப்பும்போது வாங்கியதை மட்டும் வைப்பதில்லை. உங்கள் விருந்தில் ஒருவர் 1,000 ரூபாய் எழுதியிருந்தால், அவர் விருந்தில் நீங்கள் 1,500 எழுதுவீர்கள். 1,000 பழைய கணக்குக்குச் சரி. மேலே உள்ள 500 ‘புது நடை’. இப்போது அவர் உங்களுக்கு 500 தர வேண்டியவர். அடுத்த சுற்றில் அந்த 500உடன் அவர் புதிதாக ஒன்று சேர்ப்பார். 1,000 மட்டும் எழுதிவிட்டு இலையில் உட்கார்ந்தால் சண்டை என்று பொருள் இல்லை. கணக்கு நேராகிவிட்டது, நடை அத்தோடு நிற்கிறது என்று பொருள். எதிர்த்தரப்பும் அதைக் கேள்வி கேட்காமல் புரிந்துகொள்ளும்.

ஆடியைத் தேர்ந்ததில் நல்ல கணக்கு இருக்கிறது. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் மண்டபமும் சமையல் ஆட்களும் பாத்திரமும் சும்மா கிடக்கும். பலாப்பழப் பணம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சம்பா வேலை சூடு பிடிக்குமுன் கொஞ்சம் ஓய்வும் இருக்கும். ஆவணிக் கடைசிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

வேலை ஆடியில் தொடங்குவதில்லை. தை, மாசியிலேயே நோட்டை எடுத்து உட்கார வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நோட்டுகள்: வாங்கிய மொய் ஒன்று, வைத்த மொய் ஒன்று. வைத்த மொய் நோட்டிலிருந்து ஊர்வாரியாகப் பட்டியல் எடுக்க வேண்டும். எந்த ஊரில் யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்தால்தான் பத்திரிகை எத்தனை அடிப்பது, இலை எத்தனை போடுவது என்று தெரியும். வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பருவத்தில் வராது என்று வைத்தே திட்டமிடுவது நல்லது. வீட்டில் துக்கம், கையில் பணமில்லை, பத்திரிகை போய்ச் சேரவில்லை என்று காரணம் ஏதாவது வரும்.

நோட்டு எழுதுவதில் தவறுகிற இடம் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒன்றாக இருக்கும். ஆகவே நன்றாக எழுதப்பட்ட மொய் நோட்டில் பெயருக்கு முன் ஊர், அதன் பிறகு தெரு, தகப்பனார் பெயர், அதற்கும் பிறகு பட்டப்பெயரோ வீட்டு அடையாளமோ இருக்கும்: ‘கீழத்தெரு, மாமரத்து வீடு’, ‘மேலத்தெரு, டிராக்டர்காரர்’, ‘வாத்தியார் மகன்’ என்று. இந்த அடையாளத்தைச் சோம்பல்பட்டு விட்டால் 5 வருஷம் கழித்து இரண்டு பேர் ஒரே வரியைக் காட்டி ‘அது நான் வச்சது’ என்பார்கள். அல்லது இருவருமே ‘நான் இல்லை’ என்பார்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது.

அடுத்தது கூட்டு. தனியாக வைத்தால் செலவு தாங்காது. ஒரே ஊரில் நான்கு, ஐந்து குடும்பங்கள், சில சமயம் அதைவிட அதிகமாகச் சேர்ந்து ஒரே நாள், ஒரே பந்தி வைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மொய் எழுத மட்டும் ஆளுக்கொரு மேசை. விருந்தாளி ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, தனக்குக் கணக்கு இருக்கிற மேசைகளுக்குப் போய் எழுதிவிட்டுப் போவார். பத்திரிகையிலும் எல்லார் பெயரும் ஒன்றாக வரும். கூட்டுச் சேர்வதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சேர்கிற குடும்பங்களின் மொய் அளவு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 15 லட்சம் எழுதப்படும் வீடும் 2 லட்சம் எழுதப்படும் வீடும் செலவைச் சரிபாதியாகப் பிரித்தால் சின்ன வீட்டுக்குக் கறிச் செலவிலேயே பாதி போய்விடும். வந்த மொய்க்கு ஏற்ற விகிதத்தில் செலவைப் பிரிக்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டவர்களுக்குப் பிறகு மனத்தாங்கல் வருவதில்லை.

சமையல் கணக்கு சமையல்காரர் கையில்தான். ஆயிரம் பேருக்கு அரிசி 125 முதல் 140 கிலோ, எலும்போடு கிடாய்க்கறி 120 கிலோ என்பது குறை சொல்லாத அளவு. உயிரோடு 25 கிலோ இருக்கிற கிடாயில் கறி 12 கிலோ தேறும், எனவே பத்துக் கிடாய். கறி கிலோ 800 ரூபாய் என்றால் அதற்கே 96,000. அரிசி, மளிகை, எண்ணெய், விறகு அல்லது கேஸ், சமையல் கூலி, இலை, தண்ணீர், மண்டபம், பந்தல், பத்திரிகை, பிளக்ஸ் எல்லாம் கூட்டினால் 2 லட்சத்தை நெருங்கும். விரதக்காரர்களுக்கும் கறி சாப்பிடாதவர்களுக்கும் தனியாக ஒரு சைவப் பந்தி கட்டாயம் வேண்டும். ஆடி மாதம் அம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் அதிகம். சாப்பிடாமல் எழுதிவிட்டுப் போக வைப்பது வீட்டுக்காரருக்கு மரியாதையில்லை.

மொய் எழுதும் மேசைதான் விருந்தின் இதயம். குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி ஊர், பெயர், தொகையை உரக்கச் சொல்வார். ஒருவர் நோட்டில் எழுதுவார். மூன்றாமவர் பணத்தை மறுபடி எண்ணிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, எத்தனை 500, எத்தனை 200, எத்தனை 100 என்று தனித்தாளில் கோடு போடுவார். எழுதுபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ, கையெழுத்து நன்றாக உள்ள சொந்தக்காரப் பிள்ளையாகவோ இருப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு அடுத்த பக்கத் தலையில் எடுத்து எழுத வேண்டும். சாயங்காலம் மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் 700 ரூபாய் இடிக்கும். எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று தேட ராத்திரி முழுக்க ஆகும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான் நெரிசல். தவறுகளில் பெரும்பங்கு அந்த இரண்டு மணி நேரத்தில் விழுகிறது, எனவே அந்த நேரத்துக்கு மட்டும் இரண்டாவது நோட்டும் இரண்டாவது குழுவும் போட்டுக்கொள்கிறவர்கள் விவரமானவர்கள்.

உரக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடனுக்குப் புரோநோட் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. எழுத்து ஒப்பந்தமில்லாத கைக்கடனைக் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருகிற அவகாசம் 3 ஆண்டுகள். மொய் சுற்றோ 5 ஆண்டுகள். நீதிமன்றத்தை நம்பி யாரும் இந்தக் கணக்கை நடத்துவதில்லை. பக்கத்தில் நிற்கும் நாலு பேர் காதில் விழுந்ததுதான் சாட்சி. திருப்பாதவர் வீட்டுக்குப் பருவம் முடிந்ததும் நோட்டோடு இரண்டு பேர் போவார்கள், ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் இரு தரப்புக்கும் தெரிந்தவர். அதற்கும் மசியாதவருக்கு ஊரில் யார் விருந்திலும் முகம் காட்ட முடியாது. அடுத்து அவர் விருந்து வைத்தாலும் இலை காலியாகத்தான் கிடக்கும்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மேசையில் மடிக்கணினி, பெயர் தட்டச்சு செய்ததும் ரசீது அச்சாகி வருகிறது, போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரம், வங்கி ஊழியர்கள், துப்பாக்கியோடு காவலர் எல்லாம் உண்டு. 2019இல் வடகாட்டில் ஒரு விவசாயி வைத்த விருந்தில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய் வந்ததாகவும் ஒரு டன் ஆட்டுக்கறி சமைத்ததாகவும் செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் 4 கோடி வந்ததையே பேசினார்கள். திருப்பிப் போக வேண்டியது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டுப் பார்ப்போம், சின்ன அளவில். ஒரு வீட்டுக்கு 10 லட்சம் மொய் வருகிறது. அதில் 4 லட்சம் அவர்களே முன்பு புது நடையாக வைத்தது, திரும்பி வருகிறது. 6 லட்சம் மற்றவர்களின் புது நடை, அதாவது கடன். கூட்டு விருந்தில் இவர்கள் பங்குச் செலவு ஒன்றரை லட்சம். கையில் நிற்பது எட்டரை லட்சம். அடுத்த 5 பருவங்களில் அந்த 6 லட்சத்தைத் திருப்ப வேண்டும், நடை தொடர மேலே 4 லட்சம் புதிதாக வைக்க வேண்டும். மொத்தம் 10 லட்சம், பருவத்துக்கு 2 லட்சம். எட்டரை லட்சம் வாங்கி, வருஷம் 2 லட்சமாக ஐந்து வருஷம் கட்டினால், ஆண்டு வட்டி 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஊர்ப் பேச்சில் சொன்னால் அரை வட்டி. ‘மூணு வட்டி’ என்பது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. கந்துவட்டி அதற்கும் மேலே. இவற்றோடு வைத்துப் பார்த்தால் மொய் விருந்தின் அருமை புரியும். ஆனால் வட்டியே இல்லை என்று மேடையில் பேசுவது பாதி உண்மை. வட்டி கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போகாமல் கிடாய்க்கும் மளிகைக்கடைக்கும் பிளக்ஸ்காரருக்கும் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனவே விருந்துச் செலவை ஒன்றரை லட்சத்திலிருந்து ஒரு லட்சமாகக் குறைக்கிறவர், கடனின் வட்டியைத்தான் குறைக்கிறார். நான்கு முனையிலும் தன் முகத்தைப் பிளக்ஸில் மாட்டுகிறவர் வட்டியைக் கூட்டிக்கொள்கிறார்.

பணத்தை எதில் போடுகிறோம் என்பதும் முக்கியம். போர், மோட்டார், சொட்டுநீர்க் குழாய், பூந்தோட்டம், அடகில் கிடக்கும் நகை, வட்டி தின்னும் பழைய கடன், இவற்றில் போட்ட மொய்ப் பணம் தன் தவணையைத் தானே சம்பாதிக்கும். மல்லிகை நட்டு அடுத்த வருஷமே பூ எடுத்துக் கீரமங்கலம் கமிஷன் கடையில் போடலாம். மாடி கட்டியவருக்கும் கார் வாங்கியவருக்கும் அப்படி இல்லை. முதல் ஆடியிலேயே பத்திரிகைகள் வந்து குவியும், ஒரே நாளில் ஏழெட்டு விருந்து, கையில் காசு இருக்காது. அப்போது மனைவியின் சங்கிலி வங்கிக்குப் போகிறது. வட்டியில்லாக் கடனைத் திருப்ப வட்டிக்கு நகைக்கடன். இந்தப் பகுதியில் ஆடி, ஆவணியில் இதைச் செய்யாத வீடு குறைவு. வருஷம் முழுக்க மாதாமாதம் மொய்க்கென்று தனியாகச் சேர்த்து வைப்பவர்கள் பிழைத்தார்கள். பருவத்துக்கு 2 லட்சம் என்றால் மாதம் 16,700 ரூபாய். அந்தத் தொகையைப் பூ வருமானத்தில் ஒதுக்க முடியுமா என்பதை விருந்து வைக்குமுன் பார்க்க வேண்டும், வைத்த பிறகு அல்ல.

மொய்க் கணக்கு சொத்துக் கணக்கும்கூட. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது நிலம், வீடு, கிணற்றுத் தண்ணீர் முறை எல்லாம் பேசுவார்கள், மொய் நோட்டை மறந்துவிடுவார்கள். அப்பா பெயரில் வாங்கிய மொய்யை யார் திருப்புவது? அப்பா பெயரில் வைத்த மொய் யார் விருந்துக்கு வரும்? சண்டை இங்கேதான் முளைக்கும். பிரியும் அன்றே நோட்டை ஊர்வாரியாகப் பிரித்து, இந்தெந்த ஊர் உனக்கு, இந்தெந்த ஊர் எனக்கு, வாங்கியதும் வைத்ததும் சேர்த்தே என்று இரண்டு பிரதி எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆள்வாரியாகப் பிரிக்கவே கூடாது. வைத்ததை ஒருவரும் வாங்கியதை ஒருவரும் எடுத்துக்கொள்ளும் தந்திரம் அதில்தான் நடக்கும். வீட்டுக்காரர் இறந்துபோனால் பிள்ளைகள் தலையில் கணக்கு ஏறும். சின்னப் பிள்ளைகளோடு விதவையாக நிற்கும் பெண்ணின் நிலை கஷ்டம். கடன் அவளைத் தேடி வரும், ஆனால் அவள் பெயரில் விருந்து வைத்து வரவேண்டியதை வசூலிக்க ஒரு ஆண் பெயரைப் பத்திரிகையில் போடச் சொல்வார்கள். சில ஊர்களில் பங்காளிகள் முன்னின்று வைத்துக் கொடுக்கிறார்கள், சில ஊர்களில் அந்தப் பணம் அப்படியே நின்றுபோகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொய் விருந்து ஏழைக்கு உதவுகிறது என்று எழுதுகிறார்கள். திருப்பித் தரக்கூடியவருக்குத்தான் அது உதவுகிறது. நிலமில்லாத கூலிக்காரர் 100, 200 என்று வைக்கிறார், அவருக்கும் 100, 200 தான் வரும். யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்ற பழைய கோடுகள் நோட்டின் பக்கங்களிலும் தெரியும். இதை வைத்துக்கொண்டு இந்த முறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வங்கி அடமானம் கேட்கிற இடத்தில் இது பழக்கத்தை அடமானமாக ஏற்றுக்கொள்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் பழக்கம் உள்ளவருக்கே கடன் கிடைக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி இந்தப் பகுதியைத் துவைத்துப் போட்டபோது, மொய்க் கணக்கின் உண்மையான பலவீனம் வெளியே வந்தது. ஒரு வீட்டில் போர் வற்றினால் மற்ற வீடுகள் தாங்கும். எல்லார் தோப்பும் ஒரே ராத்திரியில் விழுந்தால் தாங்குவதற்கு யார் மிச்சம்? நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். விழுந்த மரத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். அந்த ஆண்டு ஆடியில் விருந்து வைத்தவரை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதம் முன்புதான் கடன் முழுதாக ஏறியிருக்கிறது, பணம் தோப்பிலும் வீட்டிலும் போய்விட்டது, திருப்ப வேண்டிய 5 வருஷமும் கன்று காய்க்காத வருஷங்கள். இது போதாதென்று 2020 மார்ச்சில் ஊரடங்கு. மண்டபம் மூடினால் விருந்து இல்லை, விருந்து இல்லையென்றால் வரவேண்டியவருக்குப் பணம் வர வழியே இல்லை. தள்ளிப்போன விருந்துகள் பிறகு நெருக்கியடித்து ஒரே பருவத்தில் வந்தால், வருஷம் 2 லட்சம் கட்ட வேண்டியவர் இரண்டு மாதத்தில் 4 லட்சம் தேட வேண்டும். மொய் அளவு பிறகு சுருங்கியதற்கும், பல வீடுகள் புது நடை போடாமல் வாங்கியதை மட்டும் திருப்பத் தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

ஆனால் அதே கஜா சமயத்தில்தான் நோட்டில் எழுதாத உதவியும் நடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, குடிநீர் ஏறவில்லை. ஊர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று டீசலுக்குக் காசு போட்டு, வாடகை ஜெனரேட்டரை மேல்நிலைத் தொட்டிக்குத் தொட்டி வண்டியில் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஏற்றின. வணக்கன்காட்டில் ஒரு டீக்கடைக்காரர் வாடிக்கையாளர்களின் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகக் கடையில் எழுதியே வைத்தார். அடுத்த ஆண்டு பேராவூரணிப் பெரியகுளத்தைக் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் பொதுமக்கள் பணத்தில் தூர்வாரியது. மொய் விருந்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, டீக்கடையில் ‘தேநீர் மொய் விருந்து’ வைத்துப் பிற ஊர்த் துயரத்துக்கு அனுப்புவதும் உண்டு. தேநீர் குடித்தவர் விரும்பியதைப் பாத்திரத்தில் போடுவார், யார் எவ்வளவு என்று எழுதுவதில்லை. எழுதும் கணக்கும் எழுதாத கணக்கும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளாததுதான் இந்த ஊர்களின் சாமர்த்தியம்.

வரி விஷயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வருமானமாகக் கணக்கில் வரும். கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு, மொய் விருந்துக்குக் கிடையாது. அன்பளிப்பு இல்லை, திருப்ப வேண்டிய கடன் என்று காட்ட நோட்டுதான் ஆதாரம், வாங்கிய நோட்டும் திருப்பிய நோட்டும் சேர்த்து. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரல் 1 முதல் தடை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்கவும் தடை உண்டு. இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரி கட்டும் வருமானம் இல்லையென்றால் அதற்கு விலக்கு. வியாபாரமும் சேர்த்துச் செய்கிறவர்கள் பெரிய தொகைகளை வங்கி வழியாக வாங்கிக்கொண்டு நோட்டில் அதைக் குறித்து வைப்பது நல்லது.

விலக நினைப்பவர்களுக்கு வழி உண்டு, நீளமான வழி. வைத்த பணம் திரும்பி வர விருந்து வைத்தே ஆக வேண்டும், வேறு வாசல் கிடையாது. எனவே கடைசியாக ஒரு விருந்து வைக்க வேண்டும், செலவைக் குறைத்து, தனியாக வைக்காமல் கூட்டாக. மொய் எழுதும் மேசையிலேயே தனக்கு வரவேண்டிய தொகைப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எழுத வருபவரிடம் ‘பழையது மட்டும் போதும், புது நடை வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். சிலர் கோபிப்பார்கள், சிலர் கட்டாயப்படுத்தி எழுதுவார்கள். அவர்களை மட்டும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி, அவர்கள் முறை வரும்போது சரியாக அந்தத் தொகையைத் திருப்பிவிட்டால், ஐந்தாவது ஆவணியில் கணக்கு நேராகிவிடும். அந்த நோட்டைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். இன்னொரு ஐந்து வருஷம் பீரோவில் இருக்கட்டும், மாமரத்து வீட்டுக்காரர் எப்படியும் ஒரு நாள் வந்து கேட்பார்.